வீட்டை வித்துரலாமா அண்ணாச்சி?

சிவகாசி டீக்கடைகளில் இப்போது அரசியலைவிட அதிகம் அடிபடுவது வீட்டு விலை. "இப்பவே வித்துருங்க அண்ணாச்சி. அடுத்த வாய்தாவுல கோர்ட்டு என்ன சொல்லுமோ! பட்டாசு போச்சுன்னா ஊர் போச்சு. ஊர் போச்சுன்னா உங்க வீட்டை எவன் வாங்குவான்?" என்கிறார் ஒருவர். சொல்கிறவர் அனேகமாக வீட்டுப் புரோக்கராக இருப்பார். கேட்கிறவர் அச்சாபீஸ் கணக்கர், பட்டாசு ஆலை போர்மேன் அல்லது பலசரக்குக் கடைக்காரர். அவருக்கு இருப்பது ஒரே வீடு. அதுவும் அப்பா காலத்தில் கட்டியது. மாடிப்படிக்கு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை பெய்தால் அடுப்படியில் குண்டான் வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வராது.

விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் எங்கும் இதே பேச்சுதான். பயந்து விற்றவர்கள் உண்டு. பிடிவாதமாக விற்காமல் வைத்திருந்து வீட்டைப் பாழாக்கியவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நஷ்டம்தான். விலை விழுமா விழாதா என்று சோழி உருட்டிக் கொண்டிருப்பதைவிட, தன் வீடு எந்த ரகம் என்று பார்த்துக் கொள்வது மேல்.

பயம் வந்தது எப்படி?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. பிளாட் போட்டு விற்றவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பட்டாசுக்கு 28 சதவீதம். நவம்பரில்தான் 18 ஆகக் குறைந்தது. நடுவில் அக்டோபர் 9-ல் டில்லி வட்டாரத்தில் அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு விற்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே 2018 அக்டோபர் 23. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கலக்கக்கூடாது, சரவெடி கூடாது என்று தீர்ப்பு. அடுத்த மாதமே ஆலைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். 2019 பிறந்துதான் திறந்தார்கள். அந்த மாதங்களில் சம்பளம் இல்லாத வீடுகளில் நகை அடகுக்குப் போனது. 2021 அக்டோபர் 29-ல் பேரியம் தடையைச் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி உறுதி செய்தது. டில்லியில் போட்ட முழுத்தடையைத் தளர்த்த 2025 ஏப்ரலில் மறுத்த அதே கோர்ட்டு, அக்டோபரில் தீபாவளியை ஒட்டிச் சில நாள் மட்டும் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கொடுத்தது.

இதற்கு இடையில் விபத்துகள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை யாரும் மறக்கவில்லை. ஒரு ஆலை வெடித்தால் சுற்றியுள்ள ஆலைகளில் சோதனை நடக்கும். லைசென்சு சஸ்பெண்டு ஆகும். வாரக்கூலி நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் ஊர் காலி என்றார்கள். ஊர் காலியாகவில்லை. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியே ஆகிவிட்டது.

விலை விழுவது எப்படித் தெரியும்?

தக்காளி விலை மார்க்கெட்டில் எழுதிப் போட்டிருக்கும். வீட்டு விலைக்கு அப்படிப் பலகை கிடையாது. மந்தம் வந்தால் முதலில் விலை இறங்காது. ஆள் வராது. அவ்வளவுதான். "போன தை மாசம் இந்த விலைக்குக் கேட்டாங்க. அதுக்குக் கம்மியாக் கொடுக்க மாட்டேன்" என்று வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும்.

அந்த வேளையில் குறைந்த விலைக்குக் கொடுப்பவர் யார்? கொடுத்தே ஆக வேண்டியவர். மதுரை ஆஸ்பத்திரியில் பில் கட்ட வேண்டியவர், கந்துவட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர், பாங்கித் தவணை கட்டாமல் நோட்டீசு வாங்கியவர். விலை வீழ்ச்சி என்பது இவர்கள் தலையில்தான் விழுகிறது. 2008-ல் அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். தவணையை ஒழுங்காகக் கட்டி வீட்டில் குடியிருந்தவர் விலை விழுந்தபோதும் அந்த வீட்டிலேயே இருந்தார். தவணை கட்ட முடியாதவர் தெருவுக்கு வந்தார்.

ஒரே தொழிலை நம்பிய ஊர்கள் தமிழர்களுக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஐகோர்ட்டு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. தென்மாவட்டத்து ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். வாடகை வீடுகளில் "டு லெட்" போர்டு தொங்கியது. பிறகு சுத்திகரிப்பு முறை மாறியது, ஆர்டர் வந்தது, ஆளும் வந்தது. அன்றைக்குப் பயந்து விற்றவர்கள் இன்றைக்குப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறு கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் உழைத்ததில் ஏராளமானோர் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை திரும்பி வரவில்லை. பிள்ளைகள் விடிகாலை ரெயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

சிவகாசி எந்தப் பக்கம்? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சு வந்தது. மருந்து கலக்கத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. தங்கம் தீர்ந்தால் சுரங்கம் முடிந்தது. இங்கே அப்படிப் பூமிக்குள் தீர்ந்து போகிற சரக்கு எதுவும் இல்லை. ஒரு கால் நொண்டினால் இன்னொரு காலில் நிற்கப் பழகிய ஊர் இது. ஆகையால் திருப்பூர்ப் பக்கம்தான் சேர்க்கத் தோன்றுகிறது. அதற்காக அடி விழாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

பேப்பரும் பென்சிலும் எடுங்கள்

குடியிருக்கும் ஒரே வீட்டை இப்போது விற்றுவிட்டு, விலை விழுந்ததும் வேறு வீடு வாங்கலாம் என்று புரோக்கர் சொல்லும் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு 30 லட்சம் போகும் என்று வைத்துக் கொள்வோம். விற்கும்போது புரோக்கருக்கு இரண்டு சதவீதம் என்றால் 60 ஆயிரம். வாடகை வீட்டில் மாதம் 9 ஆயிரம் வீதம் இரண்டு வருஷத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். திரும்ப வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு இது 2 லட்சத்து 70 ஆயிரம். மறுபடி புரோக்கருக்கு 60 ஆயிரம். கூட்டினால் 6 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய்.

வரவு என்ன? 30 லட்சத்தையும் அப்படியே பாங்கியில் போட்டு ஆறரை வட்டி கிடைத்தால் இரண்டு வருஷத்தில் 3 லட்சத்து 90 ஆயிரம். கழித்துப் பார்த்தால் கையை விட்டுப் போவது 2 லட்சத்து 16 ஆயிரம். அதாவது விலை ஏழு சதவீதத்துக்கு மேல் விழுந்தால்தான் கைக்கு நேராகும். சாமான் ஏற்றிய வண்டிக்கூலியும் வருமானவரியும் இதில் சேரவில்லை.

ஏழு சதவீதம் விழாதா என்று கேட்கலாம். விழலாம். ஆனால் 30 லட்சம் பாங்கியில் தூங்குமா? மூத்த பெண் கல்யாணம் நிற்கிறது. மச்சினன் கடை வைக்கக் கேட்கிறான். சின்னவன் என்ஜினீயரிங் பீஸ் இருக்கிறது. வீடாக இருக்கிற பணத்தை யாரும் கடன் கேட்க மாட்டார்கள். ரொக்கமாக இருக்கிற பணம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து விலை விழுந்திருக்கும், வாங்கக் கையில் காசு இருக்காது. குடியிருக்கும் ஒரே வீட்டை மந்தத்துக்குப் பயந்து விற்பது தப்பு என்று சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அந்த வீட்டில் செலவு செய்ய வேண்டிய இடம் கூரை. கம்பியில் துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி காரையைத் தள்ளும். தள்ளிய இடத்தில் தண்ணீர் இறங்கும். மறுபடி துரு. சுவருக்குப் பெயின்ட் அடித்து இதை மறைக்க முடியாது. மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தட்டோடு பதித்து ஒழுக்கை நிறுத்தினால் வீடு சில வருஷம் தாங்கும். தேக்கு உத்தரம் போட்ட பழைய காரை வீடு என்றால் கறையானைப் பார்க்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடு

இன்னொரு ரகம் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு வந்து கதவைத் திறந்து ஒட்டடை அடித்துவிட்டுப் போகிறார்கள். இந்த வீட்டை விற்கத்தான் வேண்டும். இதற்கு மந்தம் வருகிறதா என்று பார்க்கத் தேவையில்லை. வீட்டு வரி, தண்ணீர் வரி, வாட்ச்மேன் கூலி எல்லாம் போக, வருஷா வருஷம் கட்டிடத்தின் மதிப்பே கரைகிறது. கடைசியில் வாங்க வருகிறவர் சென்ட் கணக்கில் மனைக்கு மட்டும் விலை சொல்வார். இடிக்கிற கூலியையும் அதில் கழிப்பார். (நிலை, கதவு, உத்தரம் பர்மா தேக்காக இருந்தால் பழைய மரக்கடைக்காரரைக் கூப்பிட்டுத் தனியாக விலை கேட்க வேண்டும். பலர் இதை வாங்குகிறவருக்குச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.)

பூட்டிய வீட்டில் வேறு ஆபத்தும் உண்டு. ஒதுக்குப்புறமான பாழடைந்த வீடு கிடைத்தால் கருந்திரி திரிக்கிறவனுக்குக் கொண்டாட்டம். திருட்டுத்தனமாகப் பேன்சி ரகம் கட்டுகிறவனும் இப்படிப்பட்ட வீட்டைத்தான் தேடுகிறான். "கிப்ட் பாக்ஸ் வெறும் பேக்கிங்தான் அண்ணாச்சி" என்று சொல்லி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாடகை கொடுப்பான். வெடித்தால் சுவரும் கூரையும் ஒன்றாக வரும். செத்தவர்கள் பட்டியலில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் இருக்கலாம். போலீசார் முதலில் தேடுவது வீட்டுக்காரரை. இரண்டு மடங்கு வாடகை வருகிறது என்றால் எதற்கு வருகிறது என்று கேட்காத வீட்டுக்காரருக்கு அனுதாபம் காட்ட முடியாது.

ஒத்திக்கு விடுவதிலும் கவனம் வேண்டும். மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு வாடகை இல்லாமல் விடுவது விருதுநகர் வட்டாரத்தில் சாதாரணம். அது வருமானம் அல்ல, கடன். கெடு முடியும்போது ஊரில் மந்தம் இருந்தால் அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கமாட்டார். இருக்கிறவர் காலி செய்யமாட்டார். வீட்டையும் விற்க முடியாது.

பாங்கிக் கடன் உள்ள வீடு மூன்றாவது ரகம். தவணை மூன்று நான்கு மாதம் தட்டினாலே உஷாராக வேண்டும். 2002-ம் வருஷச் சட்டப்படி பாங்கி 60 நாள் நோட்டீசு கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் போடலாம். ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அபூர்வம். ஆலை மூடினால் தவணை கட்ட வேறு வழியே இல்லை என்கிற குடும்பம் மட்டும்தான் மந்தத்துக்கு முன்னால் விற்பதைப் பற்றி அவசரமாக யோசிக்க வேண்டும். பாங்கி மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டுத் தானே விற்றுக் கடனை அடைத்தால் மிச்சமாவது கைக்கு வரும்.

பத்திரம் பேசட்டும்

விற்பதோ வைத்திருப்பதோ, காகிதம் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் பழைய வீடுகள் விலை போகாமல் கிடப்பதற்கு மந்தத்தைவிடப் பெரிய காரணம் இதுதான். பட்டா தாத்தா பெயரில். வீட்டு வரி அப்பா பெயரில். மின்சாரம் பெரியப்பா பெயரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. இடையில் ஒரு பங்காளி திருச்சியில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை.

"தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, அவ கையெழுத்து எதுக்கு?" என்று கேட்கிற அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 1956 முதல் சட்டம் அப்படித்தான். பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தது. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தங்கை கையெழுத்து இல்லாத பத்திரத்தை வாங்குகிறவர் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார். அது தெரிந்த ஆள் விலையில் பாதிதான் சொல்வான்.

வில்லங்கத்தை இணையத்திலேயே பார்க்கலாம். பட்டாவும் அப்படியே. வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்து வைத்திருக்கிறவர் எந்த வாரத்திலும் விற்கலாம். ஊரில் கையில் காசு புரள்கிற நேரம் எல்லோருக்கும் தெரியும். ஆடி 18-ல் பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரம் தொடங்குகிறது. தீபாவளிக்குப் போனஸ் வருகிறது. தையில் பத்திரம் பதிகிறார்கள். காகிதம் சரியில்லாதவர் அந்தத் தையைத் தாலுகா ஆபீஸ் வாசலில் கழிக்கிறார்.

புரோக்கருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது மோசம் போவதற்குச் சுலபமான வழி. பதியாத ஒப்பந்தத்தில் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் வாய்தா கொடுப்பதும் அப்படித்தான். வீட்டு அட்வான்சோ கிரயத் தொகையோ 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 ஜூன் முதல் விதி. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வருமானவரியில் இன்னொரு மாற்றம் உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன்னால் வாங்கிய வீட்டை விற்றால், விலைவாசி உயர்வைக் கழிக்காமல் லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது கழித்து 20 சதவீதம். இரண்டில் எது குறைவோ அது. பழைய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் லாபத்துக்கு வரிவிலக்குக் கேட்கலாம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பீசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மதுரையிலும் சென்னையிலும் பழைய அடுக்குமாடி வீடு வாங்கிப் போட்ட இந்த ஊர்க்காரர்கள் நிறைய. அங்கே தனி ஆளாக முடிவு செய்ய முடியாது. மனையில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். விலை அதற்குத்தான். 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த அரசுக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் பிழைத்தார்கள். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே காரியம் நின்றது. ஆகவே விற்கிறவர் முதலில் சங்கக் கூட்டத்துக்குப் போய், இடித்துக் கட்டும் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டு வருவது புத்திசாலித்தனம். அது தெரியாமல் விற்றால் பக்கத்து வீட்டுக்காரர் புது வீடு வாங்குவதை வாடகை வீட்டிலிருந்து பார்க்க வேண்டி வரும்.

அதிகாரிகள் என்ன செய்கிறார்கள்?

இடிகிற நிலையில் உள்ள கட்டிடத்துக்கு நோட்டீசு கொடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நோட்டீசு ஒட்டுவது சுவர் விழுந்த பிறகுதான் என்று ஜனங்கள் பேசிக் கொள்கிறார்கள். சிவகாசி பழைய தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை வார்டு வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். வரி பாக்கிப் பட்டியலைப் புரட்டினாலே பாதி வீடுகள் தெரிந்துவிடும். எதில் ஆள் இருக்கிறது, எதில் கருந்திரி இருக்கிறது என்று போலீசாரும் கூடப் போய்ப் பார்க்கட்டும். பட்டா பெயர் மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் தாலுகா ஆபீசில் மாதம் ஒரு நாள் தனி முகாம் போட்டால் நடையாய் நடக்கும் குடும்பங்களுக்கு மூச்சு வரும். முகாமுக்கு சர்வேயரும் வர வேண்டும். வராவிட்டால் மனு வாங்கி ரசீது கொடுத்து அனுப்புவதோடு காரியம் முடிந்துவிடும். கணக்கெடுப்பு ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நடக்க வேண்டும்.